வெள்ளைக் கட்டி

அந்த வீட்டின் பின்சுவருக்கு எப்போதும் வியர்த்துக்கொண்டே இருக்கும். தெருவில் தார் இளகிச் செருப்போடு ஒட்டிக்கொள்ளும் நாட்களில்கூட அந்தச் சுவரில் கை வைத்தால் உள்ளங்கை சில்லிட்டுப்போகும். சுவருக்கு அந்தப் பக்கம் ஐஸ் தொழிற்சாலையின் உப்புத்தண்ணீர்த் தொட்டி. சுவரில் ஆணி அடித்துப் பயனில்லை. மாட்டிய காலண்டர் ஒரு மாதம் முடிவதற்குள் கூழாகிவிடும். பீரோவைச் சாத்தி வைத்தால் துரு. ஆகவே அந்தச் சுவரை ஒட்டி ஒரு கட்டிலை மட்டும் போட்டு, அதை மகளுக்குக் கொடுத்திருந்தார்கள்.

அவள் அந்தச் சுவருக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டே வளர்ந்தாள். எல்லா வீட்டிலும் ஒரு சுவர் குளிர்ந்திருக்கும் என்றே சிறுவயதில் நினைத்திருந்தாள். முதன்முதலாகத் தோழி ஒருத்தியின் வீட்டுக்குப் போனபோது ஒவ்வொரு சுவராகத் தொட்டுப் பார்த்துவிட்டு, “உங்க குளிர் சுவர் எங்கே?” என்று கேட்டதை அம்மா இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

வீடு வேலையோடு வந்தது. அப்பா அங்கே தொட்டிக்காரர். தெருவிலும் அவருக்கு அதுதான் பெயர். தகர டின்களில் நல்ல தண்ணீரை நிரப்பித் தொட்டிக்குள் இறக்குவது, அது உறையும்வரை பார்த்துக்கொள்வது, சரியான நேரத்தில் தூக்குவது எல்லாம் அவர் பொறுப்பு. அம்மா தொழிற்சாலையின் முன்பக்கத்து விற்பனை ஜன்னலில், ஐஸை நொறுக்கும் அரவை மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். மீன் படகுக்காரர்கள், ஜூஸ் கடைக்காரர்கள், மண்டபத்துச் சமையல்காரர்கள் எல்லோரும் அவளிடம்தான் வந்து நிற்பார்கள். தொட்டிக்காரர் ஓய்வுபெறும் நாள் அதிக தூரத்தில் இல்லை. அவர் ஓய்வுபெற்றால் வீடு தொழிற்சாலைக்குத் திரும்பிவிடும். ஆனால் முதலாளி ஒரு வழி சொல்லியிருந்தார். உள்ளூர்க் கல்லூரியில் குளிரூட்டல் இயந்திரப் படிப்பு இருக்கிறது. மகள் அதைப் படித்துவிட்டு வந்தால் இஞ்சினியர் வேலை அவளுக்கு, வீடும் அவர்களுக்கே.

அந்தப் படிப்பில் இடமும் கிடைத்துவிட்டது. அன்று மாலைக்குள் கல்லூரிக்குச் சம்மதம் சொல்லிவிட வேண்டும்.

காலையில் அம்மா ரொட்டி வாட்டிக்கொண்டிருந்தபோது, தேநீருக்கு வழக்கம்போல் கொக்கி மாமா வந்தார். தொழிற்சாலையில் ஐஸ் கட்டிகளை இரும்புக் கொக்கியால் இழுத்துச் சறுக்குப் பலகையில் விடுகிறவர். வேலையில்லாத நேரத்திலும் கொக்கி அவர் தோளிலேயே தொங்கும். வாசலிலேயே நின்று மகளுக்கு ஒரு சல்யூட் வைத்தார்.

“இஞ்சினியரம்மாவுக்கு வணக்கம். நம்ம சம்பளத்தைக் கொஞ்சம் ஏத்திக் குடுக்கணும்.”

“முதல்ல உள்ள வந்து உக்காருங்க மாமா.”

“உக்கார மாட்டேன். அதிகாரி முன்னால உக்காரலாமா?”

“நேத்து அவ கட்டில்லயே காலை நீட்டிப் படுத்துட்டுப் போன மனுஷன்,” என்றாள் அம்மா. “இன்னைக்கு மரியாதை பொத்துக்கிட்டு வருது.”

“நேத்து வரைக்கும் அவ குட்டிப் பொண்ணு அண்ணி. இன்னைக்கு சாயங்காலத்துல இருந்து வேற.”

அம்மா சிரித்தாள். அவள் ஒரு வாரமாகவே சிரித்த முகமாகத்தான் இருந்தாள். ஜன்னலுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் சொல்லியாகிவிட்டது. ‘பொண்ணு இங்கயேதான். காலைல போயிட்டு சாயங்காலம் வந்துடுவா. சாப்பாடு வீட்டுச் சாப்பாடு.’ படிப்பைப் பற்றிச் சொன்னதைவிட, சாயங்காலம் வந்துவிடுவாள் என்பதைத்தான் அதிகம் சொன்னாள்.

மகள் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னடி, கோழிக்குப் போடறியா?”

“பசிக்கலம்மா. அப்பாவுக்கு டீ கொண்டுபோய்க் குடுத்துட்டு வரேன்.”

“அதான் இவர் போறாரே?”

“நான் போறேன்.”

உடம்பில் பழைய ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அந்த ஊரிலேயே ஸ்வெட்டர் தேய்ந்து கிழியும் வீடு அது ஒன்றுதான்.

தொட்டியின் மேல்பகுதி ஒரு பெரிய கூடத்தின் தரைபோல இருக்கும். வரிசை வரிசையாக மர மூடிகள். ஒவ்வொரு மூடிக்கும் கீழே ஒரு டின், டின்னைச் சுற்றி உறையாத உப்புத்தண்ணீர். ஐஸைவிடக் குளிர்ந்த தண்ணீர் அது. ஒவ்வொரு டின்னுக்குள்ளும் மெல்லிய குழாய் ஒன்று இறங்கியிருக்கும். அதன் வழியே காற்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் புரண்டுகொண்டே உறைந்தால்தான் கட்டி கண்ணாடி மாதிரி வரும். புரளாமல் நின்றுவிட்டால் தண்ணீருக்குள் இருக்கும் காற்று நடுவில் மாட்டிக்கொண்டு வெள்ளையாகிவிடும். வெள்ளைக் கட்டியை ஜூஸ் கடைக்காரர்கள் தொட மாட்டார்கள். இன்னொன்றும் உண்டு. நடுவில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருக்கும்போதே குழாயை உருவிவிட வேண்டும். தவறவிட்டால் குழாய் கட்டியோடு சேர்ந்து உறைந்துபோகும். அந்த நேரத்தைத் தொட்டிக்காரர் கடிகாரத்தில் பார்ப்பதில்லை. குழாயை இரண்டு விரலால் பிடித்து அதன் அதிர்விலேயே தெரிந்துகொள்வார். ஒருமுறைகூட அவர் தவறவிட்டதில்லை என்பது தொழிற்சாலையில் எல்லோருக்கும் தெரியும்.

கம்ப்ரஸரின் இரைச்சலில் அவருடைய இடது காது மந்தமாகிப் பல வருடங்களாகிவிட்டன. மகள் எப்போதும் போல வலப்பக்கம் போய் நின்றாள்.

“அப்பா, ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லு. அந்த மூடியில நிக்காத, அது ஆடும்.”

அவள் அடுத்த மூடிக்கு நகர்ந்தாள். “எனக்கு இன்னொரு இடமும் கிடைச்சிருக்கு.”

“எந்தக் காலேஜ்?”

அவள் வடக்கே இருந்த ஓர் ஊரின் பெயரைச் சொன்னாள். அதை அவர் வானிலைச் செய்தியில் மட்டுமே கேட்டிருந்தார்.

“அங்க என்ன படிப்பு?”

“புவி அறிவியல். மண்ணு, பாறை, ஆறு எல்லாம் வரும். கடைசி வருஷத்துல பனிப்பாறை தனிப் பாடமா இருக்கு. அதுக்கு மேல படிச்சா அந்த வேலைக்கே போகலாம்.”

“பனிப்பாறைன்னா? ஐஸ்தானே?”

“ஐஸ்தான்.”

“ஐஸைப் பார்க்க அவ்வளவு தூரம் போகணுமா? இதோ காலுக்குக் கீழ இருக்கு.”

அவள் சிரிக்க முயன்றாள். முடியவில்லை. அவர் அதைக் கவனித்துவிட்டு, தேநீரை ஒரு மூடியின்மேல் வைத்தார்.

“சரி, அங்க போய் என்னதான் பண்ணுவாங்க?”

“எவ்வளவு உருகுதுன்னு அளப்பாங்க.”

“நான் ஆயுசு பூரா உருகாம பார்த்துக்கிட்டிருக்கேன். நீ உருகறதைப் போய் அளக்கப் போறியா? நல்லா இருக்கே நம்ம குடும்பத் தொழில்.”

“அப்பா, கிண்டல் பண்ணாதீங்க.”

“பண்ணல. சொல்லு.”

“ஆழமா துளை போட்டு ஐஸை உருளையா எடுப்பாங்கப்பா. அதுக்குள்ள காத்து இருக்கும், குமிழி குமிழியா.”

“காத்து இருந்தா கெட்ட ஐஸ்.”

“நமக்குக் கெட்டது. அவங்களுக்கு அந்தக் காத்துதான் வேணும். பனி விழுந்து விழுந்து அமுங்கினப்போ நடுவுல சிக்கின காத்து. இந்த ஊர், துறைமுகம், எதுவுமே இல்லாத காலத்துக் காத்து. அதை எடுத்துப் பார்த்தா அப்ப உலகம் எப்படி இருந்துச்சுன்னு தெரியும். நீங்க தினமும் குழாய் போட்டு வெளிய விரட்டறீங்களே, அதையேதான் அவங்க தேடிப் போறாங்க.”

வேலை நேரத்தில் தொட்டிக்காரர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. இப்போது ஒரு மூடியின்மேல் உட்கார்ந்தார்.

“அந்தக் காத்து எப்படி இருக்குமாம்?”

“பார்க்க முடியாது. கேக்கலாம். அந்த ஐஸைத் தண்ணியில போட்டா உருக உருக, உள்ள இருக்கறது வெடிச்சு வெளிய வருமாம். இருங்க.”

கைபேசியில் அவள் சேமித்து வைத்திருந்த ஒலியை வைத்து, அவருடைய வலது காதில் பிடித்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். சின்னச் சின்ன வெடிப்புகள். உலர்ந்த சுள்ளிகளை யாரோ வெகு தூரத்தில் ஒடிப்பதுபோல. முடிந்ததும், “இன்னொருதரம் வை,” என்றார். வைத்தாள். மறுபடியும் கேட்டார்.

“இந்த உள்ளூர்ப் படிப்பு பிடிக்கலையா உனக்கு?”

“பிடிக்காம இல்ல. வேலை உறுதி. நான் நல்லாவே செய்வேன்ப்பா. அதான் பயமா இருக்கு.”

“நல்லா செய்யறதுக்கு எதுக்குப் பயம்?”

“நல்லா செஞ்சா இதுலயே இருந்துடுவேன். அப்புறம் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கிட்டு, அது எப்படி இருக்கும் அது எப்படி இருக்கும்னு நினைச்சுக்கிட்டே இருப்பேன்.”

“அந்தப் படிப்புக்கு வேலை உண்டா?”

“உண்டு. கொஞ்சம் பேருக்குத்தான். பொய் சொல்லல.”

அவர் ஆறிப்போன தேநீரை எடுத்துக் குடித்தார். அந்த ஊரில் ஆறு உறையுமா என்று கேட்டார். உறையும் என்றாள். மேலே நடக்கலாமா என்றார். நடக்கலாம், இங்கே நாம் நடப்பதுபோலத்தான், மூடி மட்டும் இருக்காது என்றாள். அவர் மெல்லச் சிரித்தார். உப்பே போடாமல் ஒரு ஆறு உறைவதை அவர் மனதுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

கொக்கி மாமாவின் குரல் கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து வந்தது. “அண்ணே! இந்த வரிசைக் குழாய் வர மாட்டேங்குது!”

தொட்டிக்காரர் எழுந்து ஓடினார். ஒரு குழாயை இரண்டு விரலால் பிடித்தார். அதிர்வே இல்லை. அடுத்தது. அதற்கடுத்தது. வரிசை முழுவதும் கட்டியோடு கட்டியாக உறைந்துபோயிருந்தது.

பகல் முழுவதும் அந்த வேலைதான். அம்மா அடுப்பில் வெந்நீர் காய்ச்சிக் கொடுக்க, மகள் வாளியில் சுமந்து வர, குழாய்க்குள் ஊற்றி ஊற்றி ஒவ்வொன்றாக உருவினார்கள். உருவும்போது கட்டிகள் பிளந்துகொண்டன. நடுவில் எல்லாம் வெள்ளை. அரைத்து மீன் படகுகளுக்குத் தள்ளிவிடலாம். ஜூஸ் கடைக்காரர்கள் வெறும் வண்டியோடு திரும்பிப் போனார்கள்.

கொக்கி மாமா ஆரம்பத்தில் கேலி பேசினார். “அண்ணனுக்கும் தப்பு வரும்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. இனிமே நான் தைரியமா தப்பு பண்ணலாம்.” யாரும் சிரிக்காததால் பிறகு அவரும் பேசவில்லை.

மதியம் முதலாளி வந்தார். நல்ல மனிதர்தான், சத்தம் போடவில்லை. பிளந்த கட்டிகளைச் செருப்பு நுனியால் தள்ளிப் பார்த்தார்.

“வயசாகுதுல்ல. கை தடுமாறத்தான் செய்யும். அதுக்குத்தான் பொண்ணு சீக்கிரம் படிச்சுட்டு வரட்டும்னு சொல்றேன்.” அவளைப் பார்த்து, “இன்னைக்குச் சொல்லிடறேல்ல?” என்றார்.

“சொல்லிடறேன்,” என்றாள் அவள்.

அவர் போனதும் அம்மா கணவரைப் பிடித்துக்கொண்டாள். “என்ன ஆச்சு உங்களுக்கு? தூக்கத்துல எழுப்பினாக்கூட சரியா செய்வீங்களே?”

“அப்பா மேல தப்பு இல்லம்மா. நான்தான் பேசிக்கிட்டு இருந்தேன்.”

“என்ன பேச்சு, வேலையை மறக்கற அளவுக்கு?”

சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. ஈரத்தரையில், வாளியைக் கையில் வைத்துக்கொண்டே மகள் சொன்னாள். அம்மா முழுவதையும் கேட்டாள். பிறகு புடவை முந்தானையால் கையைத் துடைத்தாள். ஏற்கெனவே உலர்ந்திருந்த கைகளை மறுபடி துடைத்தாள்.

“எல்லாரும் வேலைக்குத் தகுந்த படிப்பு படிக்கறாங்க. உனக்கு வேலை வாசல்ல வந்து நிக்குது. அதை விட்டுட்டு ஊர் பேர் தெரியாத இடத்துக்குப் போறேங்கற.”

“போறேன்னு சொல்லலம்மா. இடம் கிடைச்சிருக்குன்னுதான் சொன்னேன். நான் இங்கயே சேர்ந்துடறேன். இப்பவே சொல்லிடறேன்.”

“நிஜமாவா?”

“நிஜமா.” அவள் கைபேசியை எடுத்தாள். விரல்கள் நனைந்திருந்ததால் முதல்முறை தொட்டபோது அது திறக்கவில்லை.

“இரு,” என்றார் தொட்டிக்காரர்.

அவர் பிளந்த கட்டி ஒன்றின்முன் குந்தி உட்கார்ந்திருந்தார். கொக்கியின் பின்பக்கத்தால் தட்டி, நடுவிலிருந்து வெள்ளைத் துண்டு ஒன்றை எடுத்துப் பக்கத்தில் இருந்த இன்னொரு வெந்நீர் வாளியில் போட்டார். குனிந்து வலது காதை வாளிக்குக் கிட்டே கொண்டுபோனார். கொக்கி மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா மகளைப் பார்த்தாள்.

“இதுலயும் வெடிக்குது,” என்றார். “இவ்வளவு நாளா இதைக் கேட்டதே இல்ல.”

“என்னங்க இது, சின்னப் புள்ளையாட்டம்?”

“இது காலைல சிக்கின காத்து. அவ பேசிக்கிட்டிருந்தப்போ.” அவர் எழுந்து நின்றார். முழங்கால் நனைந்திருந்தது. “இத்தனை வருஷத்துல இந்தத் தொட்டிமேல நின்னு எவ்வளவோ பேர் பேசியிருக்காங்க. கல்யாணம் பேசியிருக்காங்க. சாவு சொல்லி வந்திருக்காங்க. முதலாளி, சம்பளத்தை நிறுத்திடுவேன்னு கத்தியிருக்காரு. ஒருதரம்கூட என் கை குழாயை மறந்ததில்ல. இன்னைக்கு மறந்துச்சு. வயசாகி மறக்கல. கேட்டுக்கிட்டிருந்து மறந்துட்டேன்.”

“அதனால?”

“என்னையே மறக்க வெச்ச பேச்சு. அதை அவ எப்படி மறப்பா?”

அம்மாவுக்குக் கோபம் வந்தது. அவள் கோபப்பட்டால் குரல் இறங்கிவிடும்.

“வீடு?”

“இதென்ன வீடு. எப்பப் பார்த்தாலும் ஈரம்.”

“உங்களுக்கு ஈரம். எனக்கு வீடு. அந்தச் சுவத்துல ஒரு பக்கம் நீங்க வேலை பார்க்கறீங்க, இந்தப் பக்கம் இவ தூங்கறா. நடு ராத்திரியில முழிப்பு வந்தா ரெண்டு பேரும் எங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். இனிமே இவ எங்க இருக்கான்னு நான் எந்தச் சுவத்தைத் தொட்டுப் பார்க்கறது?”

மகள் வாளியைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவள் ஸ்வெட்டரிலிருந்து, தொட்டியைக் குளிர்விக்கும் அம்மோனியாவின் வாடை வந்தது.

“அம்மா, நீ வேண்டாம்னா போகல. மனசாரச் சொல்றேன்.”

“அப்படிச் சொல்லாத. அப்படிச் சொன்னா நான் என்ன பண்ணுவேன்?” அம்மா அவளைத் தள்ளிவிடவில்லை. ஸ்வெட்டரின் தேய்ந்த கையைத் தடவிக்கொண்டே, “அங்க எவ்வளவு குளிருமாம்?” என்று கேட்டாள்.

“தொட்டியைவிட அதிகமா.”

“இந்த ஸ்வெட்டர் பத்தாது,” என்றாள் அம்மா. சொல்லிவிட்டு ஜன்னலுக்குப் போய்விட்டாள். மாலைவரை அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. வெளிச்சம் இருக்கும்போதே மகள் இரண்டு கல்லூரிகளுக்கும் பதில் சொன்னாள். முதலாளியிடம் அப்பாவே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். என்ன பேசினார் என்று சொல்லவில்லை. வீட்டை ஓய்வுக்குப் பிறகு காலிசெய்ய வேண்டும் என்பது மட்டும் எல்லோருக்கும் புரிந்தது.

அடுத்த வாரங்களில் அம்மா, மீன் சேமிக்கும் குளிர் அறைகளில் வேலை செய்பவர்கள் கழித்துப்போட்ட கனத்த கோட்டுகளை வாங்கிப் பிரித்து, மகளின் அளவுக்குத் தைத்தாள். தைக்கும்போது அதிகம் பேசவில்லை. “கையைத் தூக்கு,” “திரும்பு,” “மெலிஞ்சுட்டே,” இவ்வளவுதான். அந்தக் கோடைக்கால மதியங்களில் கோட்டைப் போட்டுக்கொண்டு வியர்க்க வியர்க்க நிற்கும் மகளைப் பார்த்து, “கரடி ஊருக்குக் கிளம்புது,” என்று கொக்கி மாமா தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். இஞ்சினியரம்மா என்று அவர் பிறகு கூப்பிடவே இல்லை. அந்தப் பெயருக்காக அவர் கொஞ்சம் ஏங்கியிருக்கலாம்.

கிளம்பிய அன்று காலையில் அவள் தொட்டிமேல் வந்து நின்றாள். பேச வேண்டும் என்று அவளை வரச் சொல்லியிருந்த அப்பா புதிய வரிசையை நிரப்பிக்கொண்டிருந்தார்.

“என்னப்பா பேசணும்?”

“ஏதாவது பேசு. நான் வேலை செஞ்சுக்கிட்டே கேக்கறேன்.”

அவள் ரயிலைப் பற்றியும், யாரோடு அறையில் தங்கப்போகிறாள் என்பதைப் பற்றியும் சொன்னாள். சொல்ல எதுவுமில்லாமல் போனபோது, சின்ன வயதில் இந்த மூடிகளின்மேல் தாவித் தாவி விளையாடியதைச் சொன்னாள். எந்த மூடி ஆடும் என்பது இன்னமும் தெரியும் என்றாள். அவர் வரிசையாகக் குழாய்களை இறக்கிக்கொண்டே போனார். ஓரத்து டின்னில் மட்டும் குழாயை இறக்காமல் மூடியைப் போட்டார். அவள் அதைக் கவனிக்கவில்லை.

அந்தக் கட்டி அடுத்த நாள் வெளியே வந்தது. ஓரங்கள் மட்டும் கண்ணாடி. உள்ளே முழுக்க வெள்ளை, மூடுபனியை வெட்டி எடுத்ததுபோல.

“அண்ணே, இதுல குழாயே போடல நீங்க,” என்றார் கொக்கி மாமா பதறிப்போய்.

“தெரியும்.”

“யாரும் வாங்க மாட்டாங்களே?”

“விக்கறதுக்கு இல்ல. அதை வீட்டு வாசல்ல இழுத்து விடு.”

கொக்கி மாமா அதை இழுத்துக்கொண்டு போனார். வாசலில் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. தொட்டிக்காரர் ஒரு துண்டை உடைத்து, டம்ளர் தண்ணீரில் போட்டு, வலது காதில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.

ஜன்னலிலிருந்து சாப்பிட வந்த அம்மா அவரைப் பார்த்து நின்றாள். வாசல் முழுவதும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

“என்ன கேக்குது?”

“நேத்துக் காலை,” என்றார்.

அவள் கையை நீட்டி டம்ளரை வாங்கினாள். காதில் வைத்தாள். தெருவில் ஒரு மீன் வண்டி போய் முடியும்வரை காத்திருந்தாள்.

“ஒண்ணும் கேக்கல எனக்கு,” என்றாள்.

ஆனாலும் டம்ளரை அவள் திருப்பிக் கொடுக்கவில்லை. அதைக் காதோடு வைத்துக்கொண்டே உள்ளே போய், பின்சுவரை ஒட்டியிருந்த கட்டிலில் உட்கார்ந்தாள்.